நாலு மாலை போட்ட சாமி

விழுப்புரம் கோதண்டபாணிக்கு மூன்று குரல்கள் உண்டு. ஒன்று சாவுக்கு, ஒன்று தள்ளுபடிக்கு, ஒன்று சாமிக்கு.

ஆட்டோவின் தலையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிவரும் அறிவிப்புகளில் பாதி அவர் பேசியவைதான். பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடி அறையின் சுவர்களில் முட்டை அட்டைகளை ஒட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்வை சொட்டச் சொட்டப் பதிவு செய்வார். 'ஆழ்ந்த வருத்தத்துடன்' என்று அவர் தொடங்கினால், செத்தவரைப் பிடிக்காதவர்கள்கூட ஒரு நிமிடம் கடை வாசலில் நிற்பார்கள். 'முந்துங்கள்' என்றால் முந்துவார்கள். 'ஆன்மிக மெய்யன்பர்களே' என்றால், அந்தப் பட்டியலில் தாங்களும் இருப்பதாக எல்லோரும் நம்பிக்கொள்வார்கள்.

இந்த மூன்றிலும் சேராத விளம்பரம் ஒன்று மாதம் ஒருமுறை வரும். திண்டிவனத்தில் ஒரு லாட்ஜில் இரண்டாம் சனிக்கிழமைதோறும் அறை எடுத்துத் தங்கும் பரம்பரை வைத்தியருக்கானது. சாமிக் குரலில் பாதியும் தள்ளுபடிக் குரலில் பாதியும் கலந்து அதைப் பேசுவார். 'இல்லற வாழ்வில் இன்பம் குறைகிறதா? வெட்கப்படாதீர்கள். மனம் விட்டுப் பேசுங்கள். பேசினால்தான் தீரும்.' கடைசி வரி கோதண்டபாணி தாமாகச் சேர்த்தது. வைத்தியர் போனிலேயே மெச்சினார். ஊருக்குச் சொன்னதைத் தனக்கும் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

சென்ற தீபாவளிக்கு முன்னால் அவருக்கு அது தொடங்கியது. வயது நாற்பத்து நான்கு. கல்யாணமாகி இருபது வருடம். மகள் பாண்டிச்சேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் அவரும் மனைவி கலைமதியும் அவளுடைய தையல் மெஷினும் மட்டும்தான். இருபது வருடமாக எந்தச் சிக்கலும் இல்லாமல் நடந்துவந்த ஒரு காரியம் திடீரென்று வலித்தது. சுருக்கென்று குத்தி, பிறகு எரிந்து, மறுநாள் சிறுநீர் கழிக்கும்போதும் எரிந்தது. தோலில் கத்தி கீறியதுபோல மெல்லிய வெடிப்புகள்.

வலியைச் சொல்ல நம் ஊரில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பல்வலிக்காரர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே அனுதாபம் திரட்டலாம். மூட்டுவலிக்காரருக்கு உட்கார இடம் கிடைக்கும். ஆனால் ஒரு ஆண்பிள்ளைக்கு அந்த நேரத்தில், அந்த இடத்தில் வலிக்கும் என்பதற்கு மட்டும் ஊர்ப் பேச்சில் இடம் ஒதுக்கவில்லை. அது பெண்களுக்கு உரிய வலி என்று முடிவாகியிருந்தது. அவர்களும் அதைச் சொல்வதில்லை என்பதால் ஊர் அமைதியாக இருந்தது.

நல்லவேளையாக, சொல்ல முடியாத எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. கோதண்டபாணி அதைத்தான் எடுத்தார்.

"ஒடம்பு ஒரே சூடு, கலை" என்றார்.

கலைமதி நம்பினாள். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். தினம் ஒரு இளநீர் வந்தது. பனங்கற்கண்டு கரைத்த பால் வந்தது. கோதண்டபாணி தன் பங்குக்கு, தரை துடைக்கும் கிருமிநாசினியை ஒரு மூடி தண்ணீரில் கலந்து அந்த இடத்தைக் கழுவினார். அன்று குளியலறையில் அவருக்கு நான்காவதாக ஒரு குரல் பிறந்தது. அதைப் பதிவு செய்ய யாரும் இல்லை.

கார்த்திகை முதல் தேதி அவருக்கு வழி பிறந்தது. ஐயப்பனுக்கு மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாள் விரதம். தனிப்பாய், தனித்தட்டு. மனைவி அருகில் வரக்கூடாது. இவர் அருகில் போகாவிட்டால் அவள் ஏன் என்று கேட்கவும் முடியாது. அதுவரை ஐயப்பன்மேல் தனிப்பட்ட ஈடுபாடு எதுவும் இல்லாத கோதண்டபாணி, பொழுது விடிவதற்குள் கறுப்பு வேட்டி கட்டிக்கொண்டு கோயிலில் முதல் ஆளாக நின்றார்.

மாலை போட்டவரைப் பெயர் சொல்லி அழைப்பது வழக்கமில்லை. எல்லோரும் 'சாமி' என்றார்கள். கலைமதியும் 'சாமி, சாப்பாடு வெச்சிருக்கேன்' என்றாள். வங்கி மேலாளர் எழுந்து நின்றார். விளம்பர ஆட்டோ ஓட்டும் பெரியதம்பி, பத்து வருடமாக 'யோவ் அண்ணே' என்று கூப்பிட்டவன், காலைத் தொட்டுக் கும்பிட்டான். வலிக்குப் பயந்து ஓடிய ஒருவருக்கு இவ்வளவு மரியாதை கிடைப்பதைப் பார்த்தால், துணிச்சலுக்கு ஊர் ஏன் மதிப்பு தருவதில்லை என்பது விளங்கும்.

மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றினார். கையில் நாலு டின் அரவணைப் பாயசம். பிரசாதம் ஆயிற்றே என்று மூன்று டின்னை அவரே சாப்பிட்டார். நாற்பத்தெட்டு நாள் ஓய்வில் எல்லாம் ஆறியிருக்கும் என்று நம்பினார். ஆறவில்லை. முன்தோல் இறுகி, சுருக்குப்பையின் வாய்போல் ஆகியிருந்தது. ஒருமுறை முயன்று, பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் படுத்தார். கலைமதி முதுகுப் பக்கமிருந்து, "இன்னாய்யா?" என்றாள்.

"சூடு."

அந்த வார இறுதியில்தான் அவர் தன் விளம்பரத்துக்குத் தானே மயங்கினார். திண்டிவனம் லாட்ஜின் மாடி வராந்தாவில் எட்டுப் பேர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். எட்டுப் பேரும் வேறு யாருக்கோ துணைக்கு வந்தவர்களைப்போல இருந்தார்கள். கோதண்டபாணி துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு ஒன்பதாவதாக உட்கார்ந்தார். கீழே தெருவில் பெரியதம்பியின் ஆட்டோ போயிற்று. 'வெட்கப்படாதீர்கள். மனம் விட்டுப் பேசுங்கள்.'

பக்கத்தில் இருந்தவர் பெருமூச்சு விட்டார். "இன்னா தெகிரியமா பேசறான் பாருங்க. இவனுக்கெல்லாம் ஒரு பேஜாரும் இருக்காது."

கோதண்டபாணி தலையை மட்டும் ஆட்டினார். வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

உள்ளே வைத்தியர் நாடியைப் பிடித்தார். "சின்ன வயசுல தப்பு பண்ணியா?"

"எந்தத் தப்புங்க?" என்றார் கோதண்டபாணி, குரலைக் கீச்சென்று மாற்றிக்கொண்டு.

"அதேதான். நரம்புத் தளர்ச்சி."

"தளர்ச்சி இல்லீங்க. வலி."

"வலின்னு ஒண்ணு கெடையாது. தளர்ச்சிதான் வலி மாதிரி தெரியும்" என்றார் வைத்தியர். அவரிடம் இருந்த மருந்து தளர்ச்சிக்கானது. ஆகவே வந்த நோயும் அதுவாகத்தான் இருக்க முடியும். பனைவெல்லம், தேன், பேரீச்சை சேர்த்துக் கிண்டிய லேகியம் இரண்டு டப்பா கொடுத்தார். காலை ஒரு எலுமிச்சை அளவு, மாலை ஒரு எலுமிச்சை அளவு. "ஒரு மண்டலம் சம்சாரத்தை விட்டு வெலகி இருக்கணும். ஒன் கொரலு எங்கியோ கேட்ட மாதிரி இருக்கே?"

"சளி புடிச்சிருக்குதுங்க" என்று கோதண்டபாணி வெளியேறினார்.

விலகி இருப்பது அவருக்குக் கைவந்த வேலை. தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரை என்று பச்சை வேட்டி கட்டி இரண்டாம் மாலையைப் போட்டார். பழனியிலிருந்து ஆறு டப்பா பஞ்சாமிர்தம் வந்தது. மாசியில் மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு மஞ்சள் வேட்டியும் மூன்றாம் மாலையும். இதற்குள் அவர் ஊரில் பெரிய பக்தராகிவிட்டார். மாலை போட வருகிறவர்கள் அவர் கையால் போட்டுக்கொள்ள விரும்பினார்கள். லேகியமும் பிரசாதமுமாக நாக்கு இனித்துக்கொண்டே இருந்தது. தாகம் அதிகமாயிற்று. அடிக்கடி எழுந்து சிறுநீர் கழிக்கப் போனார். இடுப்பு வேட்டி தளர்ந்தது. விரதத்தில் உடம்பு இளைத்துத் தேஜஸ் வந்துவிட்டதாக எல்லோரும் சொன்னார்கள்.

கலைமதி முன்பெல்லாம் மெஷினை மிதித்துக்கொண்டே பேசுவாள்; இப்போது மிதிக்க மட்டும் செய்தாள்.

பங்குனி நெருங்கியது. மயிலம் முருகனுக்குப் பங்குனி உத்திரக் காவடி என்று கோதண்டபாணி காவி வேட்டி கட்டி நான்காம் மாலையோடு வீட்டுக்குள் நுழைந்தார். தெய்வங்களுக்கெல்லாம் கல்யாணம் நடக்கும் நாள் அது. மனைவியை விட்டு ஒதுங்கியிருக்க அதைவிடப் பொருத்தமான நாளை யாரும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது.

கலைமதி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சாமி, நான் திண்டிவனத்துக்கு, அக்கா வூட்டுக்குப் போறேன். சாமிக்குன்னு இருக்கற மாலை எல்லாம் தீந்தா சொல்லுங்க."

கோபத்தில் துணிமணியோடு போகிற மனைவி திரும்பி வருவாள். கலைமதி தையல் மெஷினை லோடு ஆட்டோவில் ஏற்றினாள். மிதிகட்டை கழன்றுவிடாமல் கயிற்றால் கட்டி, ஊசிப் பெட்டியையும் கொக்கி டப்பாவையும் மடியில் வைத்துக்கொண்டாள். கோதண்டபாணி கதவோரம் நின்று பார்த்தார். மெஷின் இருந்த இடத்தில் தரையில் நான்கு வட்டங்கள், மற்ற தரையைவிடப் புதிதாக.

அந்த வாரம் ஒரு நலச்சங்கத்துக்காரர்கள் சர்க்கரை நோய் முகாமுக்கு அறிவிப்பு கேட்டிருந்தார்கள். முட்டை அட்டை அறையில், பெரியதம்பி வாசலில் காத்திருக்க, கோதண்டபாணி தாளைப் பார்த்துத் தள்ளுபடிக் குரலில் வாசித்தார். "அடிக்கடி தாகம் எடுக்கிறதா? அடிக்கடி சிறுநீர் கழிக்கிறீர்களா? எடை குறைகிறதா? ஆறாத புண், பிறப்புறுப்பில் அரிப்பு, தோல் வெடிப்பு..." அங்கே குரல் நின்றது. மறுபடி தொடங்கினார். மறுபடியும் அங்கேயே நின்றது.

பெரியதம்பி தலையை நீட்டினான். "இன்னா சாமி, தோலுல வந்து வந்து மாட்டிக்கினீங்க? ஜல்தியா முடிங்க, வண்டிய எடுக்கணும்."

நான்காம் முறை ஒருவழியாக முடித்துக் கொடுத்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை, முகாமுக்குக்கூடக் காத்திராமல், அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கினார்.

'தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு' என்று பலகையில் எழுதியிருந்தது. கோதண்டபாணி தோல் என்ற பாதிக்குக் கீழே மட்டும் நின்றார். உள்ளே போனால், மேசைக்குப் பின்னால் முக்காடு போட்ட இளம்பெண். பெயர்ப்பலகையில் டாக்டர் ஃபர்ஹீன். கோதண்டபாணி வந்த வழியே திரும்பினார்.

"சாமி, எங்க போறீங்க? உக்காருங்க" என்றாள் டாக்டர்.

"ஆம்பள டாக்டரு..."

"இன்னைக்கி நான்தான். என்ன பண்ணுது?"

"சூடு, டாக்டர்."

"சூடுன்னு ஒரு வியாதி நான் படிக்கல. எரியுதா, அரிக்குதா, வலிக்குதா? எந்த எடம்? எப்போ?"

ஐந்து மாதமாக ஒருவரும் அவரிடம் கேட்காத கேள்விகள் அவை. கோதண்டபாணி கண்ணை மூடிக்கொண்டார். தன் சொந்தக் குரலில் வராது என்று தெரிந்தது. ஆகவே லாட்ஜ் விளம்பரத்தின் குரலை எடுத்தார். "இல்லற உறவின்போது ஆண் உறுப்பின் முன்பகுதியில் கடுமையான வலி. தோல் வெடிப்பு. எரிச்சல்."

டாக்டர் பேனாவை நிறுத்தினாள். "ஆட்டோவுல வர்ற குரல் நீங்கதானா?" பிறகு சிரிக்காமல் திரைப்பக்கம் கை காட்டினாள். ஆண் உதவியாளர் ஒருவர் கூட வந்தார். "வேட்டியைத் தளத்துங்க, சாமி."

இரண்டு நிமிடத்தில் பார்த்து முடித்தாள். விரலில் ஊசி குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்தார்கள். கருவி முந்நூற்று நாற்பத்திரண்டு என்றது.

"சர்க்கரை இருக்குன்னு தெரியுமா?"

"தெரியாது டாக்டர்."

"ரத்தத்துல இவ்வளவு ஏறினா மூத்திரத்துலயும் சர்க்கரை வரும். தோல் மடிப்புல அது தங்கினா பூஞ்சை பிடிக்கும். தோல் வெடிக்கும், ஆறும், திரும்ப வெடிக்கும். ஆற ஆறத் தழும்பாகி இறுகும். இறுகினதை இழுத்தா வலிக்காம என்ன செய்யும்? எதைப் போட்டுக் கழுவினீங்க?"

அவர் சொன்னார். டாக்டர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். "அது தரைக்கு. இனிமே வெறும் தண்ணி, நல்லா ஒத்தி எடுத்துக் காய வைக்கணும். சோப்புகூட வேண்டாம். சில பேருக்கு சோப்பு மட்டுமே போதும், புண்ணாக. இத்தனை நாள் என்ன சாப்பிட்டீங்க?"

கோதண்டபாணி வரிசையாகச் சொன்னார். பனங்கற்கண்டுப் பால், அரவணை, லேகியம், பஞ்சாமிர்தம். டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். "வியாதிக்கு வேளாவேளைக்கு ஊட்டி வளர்த்திருக்கீங்க, சாமி."

"அப்ப நரம்புத் தளர்ச்சி இல்லையா?"

"இல்ல. ஆம்பளைக்கு வலிக்கறதுக்குப் பல காரணம் இருக்கு. சில பேருக்குப் பொறப்புலயே தோல் இறுக்கம், சில பேருக்குக் கீழ இருக்கற தசைநார் குட்டை. மூத்திரப் பாதையில கிருமி இருக்கும். புராஸ்டேட் வீங்கியிருந்தா முடியும்போது வலிக்கும். உறுப்பு வளைஞ்சுபோனாலும் வலிக்கும். ஒவ்வொண்ணுக்கும் வேற வேற வைத்தியம். பாக்காம எது எதுன்னு எப்படித் தெரியும்? உங்களுக்கு இந்தக் களிம்பு, சர்க்கரைக்கு மாத்திரை. ரெண்டு வாரம் மனைவிகூட சேர வேண்டாம்."

"அது பழக்கம்தான் டாக்டர்."

"தோல் இளகலன்னா சின்ன ஆபரேஷன். முன்தோலை எடுத்துடலாம். அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

கோதண்டபாணி கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர், நான் மாலை போட்டவன்..."

"மாலை கழுத்துலதானே இருக்கு?" என்றாள் ஃபர்ஹீன். "வீட்டம்மாவுக்கு அரிப்பு, வெள்ளைப்படுதல் ஏதாவது உண்டா?"

"தெரியாது."

"கேக்கலையா?"

"நாலு மாசமா விரதம்."

"திங்கக்கிழமை கூட்டிக்கிட்டு வாங்க. அவங்களுக்கும் தொற்று இருந்து, ஒருத்தர் மட்டும் மருந்து போட்டா திரும்பத் திரும்ப வரும்."

சனிக்கிழமை காலை கோதண்டபாணி திண்டிவனம் பஸ் ஏறினார். கூட்டமான பஸ்ஸில் சாமிக்கு மட்டும் ஜன்னல் இருக்கை கிடைத்தது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது வேகவைத்த மல்லாட்டைக் கடலை விற்றவள் ஒரு பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்துக் கும்பிட்டாள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு வாக்கியங்களைத் தேடினார். சாவுக் குரலில் சொன்னால் அவள் பயந்துபோவாள். தள்ளுபடிக் குரலில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. சாமிக் குரலை அவள் இனி நம்பமாட்டாள். மொழி தெரிந்தவன் என்று ஐம்பதாயிரம் பேர் நினைக்கும் மனிதரிடம், மனைவியிடம் சொல்ல ஒரு வாக்கியம்கூட இல்லை. பேசத் தெரிவதும் சொல்லத் தெரிவதும் ஒன்றல்ல என்பதை நாற்பத்து நான்கு வயதில், ஒரு சுங்கச்சாவடியில் கண்டுபிடிப்பது பெரிய சாதனை இல்லை. கண்டுபிடிக்காமலே போகிறவர்கள் அதிகம், அவ்வளவுதான்.

அக்கா ரோஜா வீட்டு வாசலில் அவரைப் பார்த்ததும், "சாமி சரணம்" என்று விழுந்து கும்பிட்டாள். பால் வாங்கி வருவதாகச் சொல்லிக் கடைக்கு ஓடினாள். முன்னறையில் கலைமதி மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சாமி, இவ்ளோ தூரம்?"

"ஒண்ணு சொல்லணும்."

"அவ யாருன்னா?"

"எவ?"

மெஷின் நின்றது. "தை மாசம் அக்காகூட இங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு ஒரே அரிப்பு, எரிச்சல். மருந்து குடுத்தாங்க. நர்ஸம்மா, வூட்டுக்காரரையும் கூட்டிக்கினு வாங்கன்னாங்க. எதுக்குன்னு கேக்கவே எனக்குக் கூச்சமா பூட்ச்சி. வூட்டுக்கு வந்தா நீங்க பச்சை வேட்டியில நிக்கறீங்க. அப்பவே புரிஞ்சிது. எங்கியோ போயி வாங்கிக்கினு வந்து எனக்கும் குடுத்துட்டு, சாமி கால்ல வியுந்துக்கினு இருக்காருன்னு. பாவம் பண்ணாத ஆளு எதுக்குய்யா நாலு மாலை போடறான்?"

கோதண்டபாணி வாயைத் திறந்தார். மூன்று குரல்களில் ஒன்றும் வரவில்லை. தொண்டையிலிருந்து வந்தது, அவரே அதிகம் கேட்டிராத, கொஞ்சம் மெலிந்த குரல்.

"வலிக்குது, கலை."

"இன்னாது?"

"அதும்போது. அங்க. தீவாளிக்கு முன்னாடியிலிருந்து. தோலு வெடிச்சிப் பூட்ச்சி. எவளும் கெடையாது. சக்கரை முந்நூத்தி நாப்பத்திரண்டு. ஒனக்கு வந்ததும் இதனாலதான் இருக்கும்னு டாக்டரம்மா பாக்கணும்னாங்க. வலிக்குதுன்னு சொல்ல வாய் வரல. அத்தொட்டுதான் மாலை."

கலைமதி அவர் கழுத்தைப் பார்த்தாள்.

"நாலு தபா சாமி பேரு வாயில வந்துச்சி. 'வலிக்குது'ன்னு அஞ்செழுத்து வர்ல."

"வர்ல."

"எனக்கும்தான் எரிஞ்சிது."

"ஏன் சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? நீதான் சாமியாச்சே" என்றாள். நான்கு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக அவள் அவரை 'நீ' என்று சொன்னாள். கோதண்டபாணிக்கு வங்கி மேலாளர் எழுந்து நின்றதைவிட அது பெரிதாக இருந்தது.

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு சீட்டு குடுப்பாங்க" என்றார். "நீயும் வரணும்."

"மாலைய எப்போ கழட்டுவ?"

"உத்திரத்துக்கு இன்னும் பன்னண்டு நாளு இருக்குது. டாக்டரு ரெண்டு வாரம் சொல்லியிருக்காங்க."

"அப்போ ரெண்டு நாளு சேத்துப் போட்டுக்கோ" என்றாள் கலைமதி. "இது ஒண்ணாவது நெசமான வெரதமா இருக்கட்டும்."

ரோஜா காப்பித் தம்ளரோடு வந்து, இன்னொருமுறை விழுந்து கும்பிடக் குனிந்தாள். "எழுந்திரு அக்கா" என்றாள் கலைமதி. "சாமிக்கு சக்கரை போட்டியா? போட்டிருந்தா நீ குடி. வேற போட்டுக்கினு வா."

அன்று இரண்டாம் சனிக்கிழமை என்பதால் பெரியதம்பியின் ஆட்டோ திண்டிவனத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. போன் போட்டதும் வந்தான். மெஷினை மறுபடி கயிற்றால் கட்டி ஏற்றினார்கள். ஊசிப் பெட்டி கலைமதியின் மடியில், கொக்கி டப்பா கோதண்டபாணியின் மடியில். வண்டி நகர்ந்ததும் பழக்க தோஷத்தில் பெரியதம்பி சுவிட்சைத் தட்டிவிட்டான். தலைக்கு மேலே ஒலிபெருக்கி கம்பீரமாகத் தொடங்கியது. 'வெட்கப்படாதீர்கள். மனம் விட்டுப் பேசுங்கள். பேசினால்தான் தீரும்.'

கோதண்டபாணி குனிந்து கொக்கிகளை எண்ண ஆரம்பித்தார்.

கலைமதி கடைசிவரை கவனமாகக் கேட்டாள். "இந்தாளு ரொம்ப நல்லா பேசறாரு" என்றாள் பெரியதம்பியிடம். "எந்த ஊரு?"